கர்தினால் கார்டைன் பற்றி வேலைக்குப் போகும் இளையோரிடம் பேச வேண்டும்: எதைச் சொல்வது, எப்படி நடத்துவது?

முத்துக்குளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு திருவிழா அன்று மாலை, பங்கில் வேலைக்குப் போகும் இளையோருக்கு மட்டும் ஒரு கூட்டம் வைக்கிறோம். வயது 17 முதல் 25 வரை. துணிக்கடை, செல்போன் கடை, மீன் பதனிடும் கம்பெனி, டூவீலர் ஒர்க்‌ஷாப், கூரியர் என்று பல வேலைகளில் இருப்பவர்கள். பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களுக்கான இயக்கத்தைத் தொடங்கிய கர்தினால் ஜோசப் கார்டைன் பற்றி முதலில் அரை மணி நேரம் பேச வேண்டும். பிறகு அவருடைய முறையில் ஒரு சிறு குழுக்கூட்டம் நடத்திக் காட்ட வேண்டும்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. இயக்கம் பிறந்தது 1912 என்கிறது ஒரு குறிப்பு, 1919 என்கிறது இன்னொன்று, 1925 என்கிறது மூன்றாவது. மெக்கலென் பேராயர் கர்தினால் மெர்சியே அவரை எதிர்த்தார் என்கிறார்கள். அதே மெர்சியேதான் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார் என்றும் போட்டிருக்கிறது. கார்டைன் தொழிற்சங்கத் தலைவரா, இளைஞர் குழு நடத்திய சாமியாரா என்பதும் பிடிபடவில்லை. ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்பதைப் பல பங்குகளில் பேனரில் பார்த்திருப்போம். கூட்டத்துக்குள் அது எப்படி நடக்கும், எவ்வளவு நேரம், யார் பேசுவது, எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி. அழைப்பிதழில் ‘புனித கார்டைன்’ என்று போடலாமா?

---

ஏட்டுப்பிரதி பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ‘புனித’ என்று போடாதீர்கள், ‘அருளாளர்’ என்றும் போடாதீர்கள். புனிதர் பட்டத்துக்கான பணி 2014இல் பெல்ஜியத்தின் மெக்கலென்–புருசெல்ஸ் உயர்மறைமாவட்டத்தில் தொடங்கியது. அந்த நிலையில் இருப்பவரை ‘இறை ஊழியர்’ என்பதே வழக்கம். ‘கர்தினால் கார்டைன்’ என்று மட்டும் போட்டாலும் போதும்.

ஆண்டுகள் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதியைக் குறிக்கிறது.

1912: ஈஸ்டரை ஒட்டி புருசெல்ஸ் நகரின் லாக்கன் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்றார். அரச மாளிகையும் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒரே பங்கில் இருந்த இடம் அது. இளம் தொழிலாளர்களோடு அவருடைய முதல் வட்டங்கள் இங்கே உருவாயின. 1919: முதல் உலகப்போருக்குப் பிறகு ஃபெர்னாண்ட் டோனே, பால் கார்சே, ஜாக் மேர்ட் ஆகிய மூன்று இளைஞர்களோடு சேர்ந்து ‘தொழிற்சங்க இளைஞர்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு. 1924 இறுதி: அந்தப் பெயரை விட்டு ‘இளம் கிறிஸ்தவத் தொழிலாளர்’ என்ற பெயருக்கு மாற்றம். பிரெஞ்சில் ஜே.ஓ.சி., ஆங்கிலத்தில் ஒய்.சி.டபிள்யூ. என்பது இதுதான். 1925: மார்ச்சில் திருத்தந்தை 11ஆம் பயஸின் ஆசீர், ஏப்ரலில் புருசெல்ஸில் தொடக்க மாநாடு. ‘எப்போது பிறந்தது’ என்று ஒரே ஆண்டு சொல்ல வேண்டுமானால் 1925 என்று சொல்லுங்கள். ஆனால் 1912ஐ விட்டுவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி போய்விடும்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 1882 நவம்பர் 13 அன்று புருசெல்ஸின் ஸ்கார்பேக்கில் பிறப்பு. எளிய குடும்பம். சிறுவயது ஹாலே ஊரில் கழிந்தது. உடன் படித்த பையன்கள் ஆலைக்குப் போன வயதில் இவர் மேலே படிக்கக் கேட்டார். தங்கள் சுமை கூடும் என்று தெரிந்தும் பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். 1897இல் மெக்கலெனில் சிறு குருமடம். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பழைய நண்பர்கள் அவரை எதிராளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். குருமாணவர் என்றால் முதலாளி பக்கம் போய்விட்டவர் என்பது அவர்கள் கணக்கு. 1903இல் அப்பா இறந்தபோது, தன் வாழ்வைத் தொழிலாளர்களுக்குத் தருவதாகப் படுக்கையருகே உறுதி எடுத்தார். 1906 செப்டம்பர் 22 குருப்பட்டம். லூவனில் சமூகவியல் படிப்பு, பிறகு ஐந்து ஆண்டு பாஸ்–வாவ்ர் குருமடத்தில் ஆசிரியர் வேலை. இடையில் 1911இல் இங்கிலாந்து போய், 1889ஆம் ஆண்டு லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தை நடத்தியவர்களில் ஒருவரான பென் டில்லெட்டைச் சந்தித்தார்.

இரண்டு உலகப்போரிலும் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். முதல் போரில் இரண்டு முறை. பெல்ஜியத் தொழிலாளர்களைக் கட்டாயமாக ஜெர்மனிக்கு அனுப்பியதைக் கண்டித்துப் பேசியது முதல் கைதுக்குக் காரணம். அந்தச் சிறைநாட்களில் விவிலியத்தோடு மார்க்ஸின் ‘மூலதன’த்தையும் படித்தார். இயக்கத்தின் கையேட்டுக்கான குறிப்புகளும் அங்கேதான் எழுதப்பட்டன. 1942இல் மீண்டும் சில மாதம் உள்ளே.

1957இல் உலகமெங்குமிருந்து ஏறத்தாழ 30,000 இளம் தொழிலாளர்கள் ரோமில் கூடினார்கள், பன்னாட்டு இயக்கம் முறைப்படி அமைந்தது. 1965 பிப்ரவரியில் ஆறாம் பவுல் அவரைக் கர்தினால் ஆக்கினார். அதுவரை ஆயர்கூட இல்லை. குருவாகி 58 ஆண்டு கழித்து, கர்தினால் ஆவதற்காகத்தான் ஆயர்நிலைத் திருப்பொழிவு பெற்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கடைசி அமர்வில் பங்கேற்றார். 1967 ஜூலையில் லூவனில் இறந்தார். அடக்கம், உதவிப் பங்குத்தந்தையாகப் போன அதே லாக்கன் கோவிலில்.

இதைச் சொல்ல எட்டு நிமிடம் போதும். மீதி நேரத்தை 1912–1925க்குக் கொடுங்கள்.

---

ஊசிநூல் பதில்:

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: லாக்கனில் கார்டைன் முதலில் வேலை தொடங்கியது பையன்களோடு அல்ல, பெண்களோடு. தையல் வேலைக்குப் போன சிறுமிகள், ஊசி வேலை பழகுநர்கள். கிறிஸ்தவப் பெண் தொழிலாளர் அமைப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த விக்டுவார் கப், லாக்கனில் மாட்லேன் டெ ரோ ஆகியோர் அந்த வேலையைத் தாங்கிய பெயர்கள். டோனே முதலான மூன்று இளைஞர்களின் பெயரை மட்டும் சொல்லி முடித்தால், உங்கள் கூட்டத்துக்கு வரும் துணிக்கடைப் பெண்கள் இதைப் பையன்கள் கதை என்று நினைத்துவிடுவார்கள்.

அன்றைய சட்ட நிலையைத் தெரிந்துகொண்டால் அவருடைய அவசரம் புரியும். பெல்ஜியத்தில் 1889ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆலையில் வைக்கக் கூடாது என்றது. 12 முடிந்தால் வேலைக்குப் போகலாம். 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கும் நாளுக்கு 12 மணி நேரம் என்பதுதான் அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு. 14 வயது வரை கட்டாயக் கல்வி 1914ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது, போர் முடிந்த பிறகே முழுதாக நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேர வேலை 1921இல். ஆக, லாக்கனில் அவர் பார்த்த சிறுமிகள் நேற்று வரை பள்ளியில் இருந்தவர்கள். இன்றைக்குப் பட்டறையில் பெரியவர்கள் நடுவே, கேட்க ஆளில்லாமல் நிற்கிறார்கள். தொழிற்சங்கத்தில் சேர வயதில்லை. பங்கின் பக்திசபையில் சேர்ந்தால் அங்கே வேலையைப் பற்றிப் பேச்சே எழாது. அந்த இடைவெளியில்தான் அவர் போய் நின்றார்.

‘தொழிற்சங்கத் தலைவரா’ என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இல்லை. சங்கத்தில் சேருங்கள் என்று தூண்டியவர்தான், ஆனால் ஜே.ஓ.சி. கூலி பேசும் அமைப்பு அல்ல. 1919இல் பெயரில் இருந்த ‘தொழிற்சங்க’ என்பது 1924இல் போனதற்கும் காரணம் உண்டு. 14 வயதுப் பிள்ளைக்குக் கூலி ஒரு பிரச்சினை. முதல் நாள் பட்டறையில் காதில் விழும் பேச்சு, மேஸ்திரியின் கை, சம்பளத்தை வீட்டில் யாரிடம் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது, யாரைத் திருமணம் செய்வது எல்லாமும் பிரச்சினைதான். அந்த முழு வாழ்வையும் எடுத்துக்கொள்ளும் அமைப்பு வேண்டியிருந்தது. பள்ளியை விட்டு வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்துதல், சேமிப்பு, நோயுற்றவர்களுக்கு உதவி, ராணுவச் சேவைக்குப் போனவர்களோடு தொடர்பு என்று தனித்தனிப் பணிப்பிரிவுகள் எழுந்தது அதனால்தான்.

சந்தாவையும் மறக்காதீர்கள். உறுப்பினர்கள் தங்கள் கூலியிலிருந்து கட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். புரவலர் காசில் நடக்கும் மன்றத்தில் முடிவெடுப்பவர் புரவலர்தானே.

---

பழைய நூலகம் பதில்:

மெர்சியே விஷயத்தை நல்லவர்–கெட்டவர் கதையாக ஆக்காமல் சொல்லுங்கள், அது நியாயம் அல்ல. மெர்சியே 1906இல் கார்டைனுக்குக் குருப்பட்டம் கொடுத்தவர். 1915இல் புருசெல்ஸின் சமூகப் பணிகளுக்கு இயக்குநராக நியமித்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1914 கிறிஸ்துமஸில் ஆயர் மடல் எழுதி உலகப் புகழ் பெற்றவரும் அவரே. கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஏன் கார்டைனின் அமைப்புக்குத் தடை? அப்போது பெல்ஜியத்தில் கத்தோலிக்க இளைஞர் எல்லாரையும் ஒரே குடையின் கீழ், பங்கு வாரியாகச் சேர்க்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. மாணவன், குமாஸ்தா, விவசாயி மகன், ஆலைத் தொழிலாளி எல்லாரும் ஒரே மன்றத்தில். அந்த நேரத்தில் தொழிலாளர்க்கு மட்டும் தனி அமைப்பு என்றால் திருச்சபைக்குள் வர்க்கப் பிளவைக் கொண்டுவருவதாகத் தோன்றியது. இதற்குப் பின்னால் இன்னொரு நிழலும் உண்டு. பிரான்சில் மார்க் சாங்னியே நடத்திய ‘சியோன்’ என்ற கத்தோலிக்க இயக்கத்தின் சில கருத்துகளை 1910இல் பத்தாம் பயஸ் கண்டித்திருந்தார். கார்டைனின் வட்டங்கள் அந்த இயக்கத்தின் படிப்பு வட்டங்களிலிருந்து கற்றுக்கொண்டவை. பேராயர்கள் எச்சரிக்கையாக இருந்ததில் வியப்பில்லை.

கார்டைனின் வாதம் நடைமுறை சார்ந்தது. ஒரே மன்றத்தில் எல்லாரையும் உட்கார வைத்தால் யார் பேசுவார்? கல்லூரி மாணவன் பேசுவான். தலைவர், செயலர் எல்லாம் அவனே ஆவான். ஆலைப் பையன் நாற்காலி தூக்கிப்போடுவான், அடுத்த மாதம் வரமாட்டான். ஆகவே ‘அவர்களிடையே, அவர்களால், அவர்களுக்காக’ என்பது கார்டைனின் சூத்திரம். 1925 மார்ச்சில் ரோமுக்குப் போய் 11ஆம் பயஸிடம் இதைச் சொன்னபோது, கடைசியில் ஒருவராவது வெகுமக்களைப் பற்றி என்னிடம் பேச வந்தாரே என்று திருத்தந்தை மகிழ்ந்தார். அதோடு தடை விலகியது. 1931இல் அதே திருத்தந்தை எழுதிய ‘குவாத்ரஜேசிமோ ஆன்னோ’ சுற்றுமடல், தொழிலாளர்களுக்கு முதல் திருத்தூதர்கள் தொழிலாளர்களே என்று சொல்லிவிட்டது. மாணவர், விவசாய இளைஞர் ஆகியோருக்குத் தனித்தனி இயக்கங்கள் பின்னால் வந்தது இதே வழியில்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். இணையத்தில் தேடினால் இரண்டு பன்னாட்டு அமைப்புகள் வரும்: ஒன்று 1957இல் அமைந்தது, மற்றொன்று 1980களில் ஏற்பட்ட பிரிவுக்குப் பின் வத்திக்கானின் ஏற்பைப் பெற்றது. இரண்டுமே கார்டைனைத் தங்கள் நிறுவனர் என்கின்றன. அரை மணி நேரப் பேச்சில் இதற்குள் நுழைய வேண்டாம். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

---

வட்டமேசை பதில்:

முறையைப் பற்றி நான் எழுதுகிறேன். கார்டைன் வரலாறு எவ்வளவு அழகாகச் சொன்னாலும், குழுக்கூட்டம் சொதப்பினால் பையன்கள் மறுபடி வரமாட்டார்கள்.

ஒரு குழுவுக்கு 8 பேர், மிஞ்சினால் 12. அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். கூட்டம் 90 நிமிடம், அதைத் தாண்ட வேண்டாம். ஷிப்ட் முடித்து வருபவர்கள் அதற்கு மேல் உட்காரமாட்டார்கள். நடத்துபவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும், குறிப்பெடுப்பவரும் அப்படியே. செபம் 5 நிமிடம். போன கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட வேலைகள் என்னவாயின என்பதற்கு 15 நிமிடம். நற்செய்திப் பகுதி ஒன்றை வாசித்துப் பேச 20. சமூக விசாரிப்புக்கு (‘பார்’, ‘சீர்தூக்கு’ நடக்கும் பகுதி) 40. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதிக்கொள்ள 10. மே 1 உங்கள் முதல் கூட்டம் என்பதால் ‘போன கூட்டம்’ இருக்காது. அந்த 15 நிமிடத்தையும் விசாரிப்புக்கே தந்துவிடுங்கள்.

‘பார்’ என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தோற்கின்றன. கேள்வி கருத்தைக் கேட்கக் கூடாது, நடந்ததைக் கேட்க வேண்டும். ‘இன்றைய இளைஞர்கள் சந்திக்கும் சவால்கள் என்ன?’ என்று கேட்டால் செல்போன், போதை, கலாச்சாரச் சீரழிவு என்று மேடைப்பேச்சு வரும். வேலை வெளியே வராது. மாறாக இப்படிக் கேளுங்கள்: நேற்று எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள்? மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? வேலை நேரத்தில் உட்கார முடியுமா? கழிவறை எங்கே, போகும்போது யாரிடமாவது சொல்ல வேண்டுமா? போன மாதச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், எதற்கென்று சொன்னார்களா? வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் பெயர் தெரியுமா? பேசாமல் இருப்பவர்கூட இதற்குப் பதில் சொல்வார். எண்ணும் நேரமும் இருந்தால் போதும், யாரும் அழகாகப் பேச வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள். உட்காரும் வசதி என்றால் அது மட்டும். குழுவில் உள்ளவர்கள் சொன்னதோடு நிற்கக் கூடாது. ஒவ்வொருவரும் உடன் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் அடுத்த கூட்டத்துக்குள் அதே கேள்விகளைக் கேட்டு வர வேண்டும். ஜே.ஓ.சி. விசாரிப்பின் உயிர் அதுதான். கேட்டு வரும்போதே அந்த இரண்டு மூன்று பேரோடு உறவும் உண்டாகிவிடுகிறது.

‘சீர்தூக்கு’ என்றால் வசனம் ஒன்றைத் தேடி ஒட்டுவது அல்ல. மூன்று கேள்விகள்: இது ஏன் இப்படி இருக்கிறது, யாருக்கு இதனால் லாபம்? இந்த ஆளைக் கடவுள் எப்படிப் பார்க்கிறார்? சட்டமும் திருச்சபைப் போதனையும் என்ன சொல்கின்றன? உட்காரும் விஷயத்தில் உங்களுக்குக் கையில் கிடைக்கும் உண்மை ஒன்று உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தப்படி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டியது கடமை. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்க வைக்கக் கூடாது. சம்பளப் பிடித்தமும் அப்படித்தான்: இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம். அதைவிட அதிகம் ‘இ.எஸ்.ஐ.’ என்ற பெயரில் போயிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. இந்த மாதிரி விவரத்தை நடத்துபவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

‘செயல்படு’ என்ற இடத்தில் நடக்கும் தவறு, தீர்மானம் போடுவது. ‘சமுதாயத்தில் விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்பது செயல் அல்ல, அதைச் செய்து முடித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘புதிதாகச் சேர்ந்த பெண்ணோடு இந்த வாரம் சாப்பிடப் போவேன்’ என்பது செயல். ‘மூன்று பேருடைய பி.எஃப். கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று அரசின் உமாங் செயலியில் பார்த்துக்கொடுப்பேன்’ என்பதும் செயல்தான். சின்னதாக இருக்கட்டும், பெயரும் தேதியும் இருக்கட்டும். அடுத்த கூட்டம் அதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இதை இரண்டு முறை விட்டுவிட்டால் குழு அரட்டை மன்றமாகிவிடும்.

ஒரு கடும் எச்சரிக்கை. கூட்டத்தில் ஒருவர் சொன்ன கடையின் பெயர், மேற்பார்வையாளர் பெயர் வெளியே போனால் அந்தப் பிள்ளையின் வேலை போகும். பங்கில் துணிக்கடை முதலாளியும் இருப்பார், அவர் காணிக்கை கொடுப்பவராகவும் இருப்பார். குறிப்பேட்டில் ஆள் பெயரும் கடைப் பெயரும் எழுதாதீர்கள், ‘துணிக்கடை, 19 வயது’ என்று மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

---

முத்துக்குளி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம் மட்டும். பங்குத்தந்தையும் குழுக்கூட்டத்தில் உட்கார ஆசைப்படுகிறார். நல்ல மனுஷர், ஆனால் அவர் இருந்தால் பிள்ளைகள் வாயைத் திறப்பார்களா? அடுத்தது, பேச்சில் இளைஞர் ஒருவருடைய வாழ்வையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். குருக்களைப் பற்றி மட்டும் சொன்னால் தூரமாகத் தெரியும். யாரைச் சொல்லலாம்?

---

ஏட்டுப்பிரதி பதில்:

இளைஞர் என்றால் மார்செல் காலோ. சந்தேகமே வேண்டாம். 1921இல் பிரான்சின் ரென் நகரில் பிறந்தவர், அச்சகத்தில் பழகுநராக வேலை தொடங்கியவர், ஜே.ஓ.சி. உறுப்பினர். 1943இல் பிரெஞ்சு இளைஞர்களைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மார்ச் 8 அன்று ரென் நகரில் விழுந்த குண்டுகளில் தங்கையை இழந்தார், மார்ச் 19 அன்று ரயில் ஏறினார். துரிங்கியாவின் செலா–மேலிஸ் ஊரில் ஆயுதத் தொழிற்சாலை வேலை. அங்கே சோர்ந்து கிடந்த தோழர்களைச் சேர்த்துத் திருப்பலிக்கு ஏற்பாடு, விளையாட்டு, சிறு நாடகம், நோயாளிகளைப் பார்ப்பது என்று தொடர்ந்தார். 1944 ஏப்ரல் 19இல் கைது. அளவுக்கு மீறிய கத்தோலிக்கன் என்பதுதான் அவர்மீது வைத்த குற்றம். மௌத்ஹவுசன் முகாமில் 1945 மார்ச் 19, யோசேப்பு திருவிழா அன்று, 23 வயதில் இறந்தார். 1987 அக்டோபர் 4 அன்று இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். அவரை ‘அருளாளர்’ என்று தாராளமாகப் போடலாம்.

மேலே வந்த டோனேயும் கார்சேயும்கூட 1945 தொடக்கத்தில் டாகாவ் வதைமுகாமில் இறந்தவர்கள். 1919இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பேரில் இரண்டு பேர். இதைப் பேச்சில் கண்டிப்பாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவசரமாக அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

‘இளம் தொழிலாளி ஒருவர் உலகத்திலுள்ள பொன் எல்லாவற்றையும் விட மதிப்பு மிக்கவர்’ என்று கார்டைன் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைத் தனியாகச் சொன்னால் சுவரொட்டி வாசகமாகிவிடும். அவர் அதை மூன்று உண்மைகளோடு சேர்த்துத்தான் சொல்வார்: கடவுளின் பிள்ளை என்ற மேன்மை அந்த இளைஞருக்கு உண்டு, அவர் அன்றாடம் வாழும் நிலை அதற்கு நேர்மாறாக இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கடக்க அமைப்பு வேண்டும். உங்கள் அரை மணி நேரத்துக்கு இதையே எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாம்.

---

பழைய நூலகம் பதில்:

பங்குத்தந்தைக்குக் காட்ட ஒரு சான்று வேண்டுமானால்: 23ஆம் யோவானின் ‘மாத்தெர் எத் மஜிஸ்த்ரா’ சுற்றுமடல், 1961, எண் 236. பார், சீர்தூக்கு, செயல்படு என்ற மூன்று படிகளும் அங்கே திருத்தந்தையின் வாயாலேயே வருகின்றன. அந்தச் சுற்றுமடல் எழுதப்பட வேண்டும் என்று முன்கூட்டியே திருத்தந்தையிடம் கேட்டுக்கொண்டவர்களில் கார்டைனும் ஒருவர். இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளில் பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றிய ஏடு, எண் 29, இதே பயிற்சியைச் சொல்கிறது. இளைஞர் குழு சொந்தமாகக் கிளம்பிய விளையாட்டு அல்ல என்பது அவருக்கும் பங்குப் பேரவைக்கும் தெளிவாகும்.

---

வட்டமேசை பதில்:

ஃபாதர் வரட்டும், வர வேண்டும். ஜே.ஓ.சி.யில் குருவுக்கு இடம் இல்லாமல் இல்லை, அவர் தலைமை நாற்காலியில் உட்காருவதில்லை. அவ்வளவுதான். அவருடைய முக்கிய வேலை கூட்டத்துக்கு வெளியே நடக்கிறது: நடத்தப்போகும் இரண்டு மூன்று பேரை முந்தைய வாரமே உட்கார வைத்து, கேள்விகளைச் சரிபார்த்து, நற்செய்திப் பகுதியைச் சேர்ந்து வாசித்துத் தயார்படுத்துவது. கூட்டத்தில் வட்டத்தோடு வட்டமாக உட்கார்ந்து கேட்பார். கடைசியில் அழைத்தால் இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். நடுவில் யாராவது ‘ஃபாதர், நீங்க என்ன சொல்றீங்க?’ என்று திரும்பினால், ‘உங்க பக்கத்துல இருக்கிற தம்பி என்ன சொல்றாரு?’ என்று திருப்பிவிட வேண்டும். இதை அவரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மைக் வேண்டாம், மேடை வேண்டாம், பீடத்துக்கு முன்னால் வரிசையாக பெஞ்சு போட வேண்டாம். மறைக்கல்வி வகுப்பறையில் பாயோ வட்டமாக நாற்காலியோ போதும்.

வயதைப் பற்றியும் ஒன்று. இயக்கத்தின் வயது 14 முதல் 25 வரை என்று வைத்திருந்தார்கள். திருமணம் ஆனால் பெரியவர்கள் அமைப்புக்குப் போய்விடுவார்கள். நம் பக்கம் இளைஞர் குழுத் தலைவர் 38 வயதிலும் தலைவராக இருப்பது சாதாரணம். அவர் நடத்தினால் 18 வயதுக் கடைப்பெண் பேசமாட்டாள். எனவே மே 1 அன்று நடத்துபவர் 22, 23 வயதுக்குள், வேலைக்குப் போகிறவராக இருக்கட்டும். குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் என்றால் நடத்துபவரும் பெண்ணாக இருப்பது நல்லது. கல்லூரி மாணவர்கள் வந்தால் அவர்களுக்குத் தனி வட்டம் போட்டுவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தின் தேதியை அன்றே, கலைவதற்கு முன் குறித்துவிட வேண்டும். 14 நாளைத் தாண்டக் கூடாது. துணிக்கடையில் வார விடுமுறை ஆளுக்கொரு நாளாக மாறும், மீன் கம்பெனியில் ஷிப்ட் மாறும். ஆகவே ஞாயிறு மாலை என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், ஒவ்வொருவர் ஷிப்டையும் கேட்டு எழுதிவிட்டு நேரம் வையுங்கள். இரவு 9 மணிக்குத்தான் எல்லாரும் வர முடியும் என்றால் பெண் பிள்ளைகள் வீடு திரும்ப யார் கூடப் போவது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.